‘இலையுதிர் காடு’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு காடுகள்

அன்புடையீர், வணக்கம்.

வெப்பமண்டலத் தேக்குக் காட்டையும், மிதவெப்ப நாடுகளில் ஓக்கும் மேப்பிளும் வளரும் காட்டையும் நாம் ‘இலையுதிர் காடு’ என்ற ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். இரண்டிலும் மரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மொட்டையாகின்றன என்பது உண்மையே. ஆனால் காரணம் வேறு. ஆகவே இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல என்னென்ன பெயரிடலாம் என்பது பற்றியே இந்த மடல். காலநிலை அறிஞர் கோப்பென் வகுத்த பகுப்பின்படி, மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையாத பகுதியே வெப்பமண்டலம். அங்கே குளிர் இலைக்குத் தடையில்லை. மழை எந்தெந்த மாதங்களில் பெய்கிறது என்பதே காடு ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்குமா, இலை கழிக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மண்ணில் ஈரம் வற்றும்போது, தன் அகன்ற இலைகள் வழியே நீர் ஆவியாவதைத் தவிர்க்கத் தேக்கு அவற்றைக் கழித்துவிடுகிறது. ஓக்கோ, பகல் குறுகுவதையும் குளிர் கூடுவதையும் உணர்ந்து, இலையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியைக் கிளைக்குள் மீட்டுக்கொண்ட பிறகு இலையை விடுகிறது.

குளிர்நாட்டுப் பருவம் ஒன்றுக்கும் ‘இலையுதிர்காலம்’ என்றே பெயரிட்டுவிட்டதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. தேக்குக் காட்டைப் படிக்கும் மாணவரின் மனத்தில் சிவந்த மேப்பிள் இலைகளே வந்து நிற்கின்றன.

இவ்விரு காடுகளுக்கும் பெயர்களாக முந்தைய மடலில் வந்த ‘கோடையுதிர்’, ‘பனியுதிர்’ என்னும் இணை அழகானது. எனினும், மழையற்ற பருவம் எல்லா இடத்திலும் கோடையில் வருவதில்லை. பனியோ தானே உதிரக்கூடியது என்பதால், ‘பனியுதிர் காடு’ பனி பொழியும் காடு என்றே காதில் விழும். ஆகவே ‘வறளுதிர் காடு’, ‘குளிருதிர் காடு’ என்ற இரண்டையும் முன்வைக்கிறேன். ‘இலையுதிர் காடு’ இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லாக நீடிக்கட்டும்.

‘உதிர்’ என்பது தானாக விழுவதைத்தான் குறிக்கும், மரத்தின் செயலைக் குறிக்காது என்ற மறுப்பு சிந்திக்கத்தக்கது. முறிந்து தொங்கும் கிளையில் இலைகள் காய்ந்து சருகானாலும் பல நாள் விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிருள்ள கிளையில் மட்டுமே காம்பின் அடியில், இலையைக் கிளையிலிருந்து பிரிக்கும் மெல்லிய அடுக்கான பிரிபடலம் உருவாகி, இலை விழுந்த இடத்தில் சீவியது போன்ற வழவழப்பான தழும்பு எஞ்சுகிறது. உதிர்ப்பது மரமே. ஆனால் ‘உதிர்’ என்னும் பகுதி ‘உதிர்ந்தது’, ‘உதிர்த்தது’ என்ற இரண்டுக்கும் உரியது. தன்வினையும் பிறவினையும் அதற்குள்ளேயே இருப்பதால் புதிய வேர்ச்சொல் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. ‘ஊசியிலைக் காடு’ என்பதைப் பசுமைமாறாக் காட்டுக்கு மாற்றுச்சொல்லாகச் சிலர் எழுதுகிறார்கள். சைபீரியாவில் பரந்து கிடக்கும் லார்ச் மரங்கள் ஊசியிலை கொண்டவை. ஆயினும் குளிர்காலத்துக்கு முன் முழுவதுமாக இலை உதிர்ப்பவை. ஆகவே குளிருதிர் காட்டின் வரையறையில் ‘அகன்ற இலை’ என்ற தொடர் இடம்பெற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.