கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும்போது அதை ஏன் அலோகம் என்கிறோம்?

கேள்வி

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு உலோகங்கள், அலோகங்கள் பற்றிய பாடத்தைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. பளபளப்பு, கடினத்தன்மை, கம்பியாக நீளுதல், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துதல் ஆகியவை உலோகங்களின் பண்புகள் என்றும், இவை இல்லாதவை அலோகங்கள் என்றும் பாடநூல் வகுக்கிறது. ஆனால் சோடியத்தைக் கத்தியால் நறுக்கலாம். பாதரசம் திரவம். அயோடின் படிகம் மின்னுகிறது, பென்சிலில் உள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துகிறது, கடினத்திற்குப் பெயர்பெற்ற வைரமோ கார்பனின் ஒரு வடிவம். இத்தனை விதிவிலக்குகள் உள்ள பிரிவினைக்கு உண்மையான அடிப்படை எது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

தங்கள் மகளின் ஐயம் நியாயமானது. பாடநூல் பட்டியலில் உள்ள பண்புகள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல.

உலோகத்தில் ஒவ்வோர் அணுவும் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகிறது. எந்த அணுவுக்கும் தனியுரிமை இல்லாமல் அவை திரிவதால்தான் மின்சாரமும் வெப்பமும் எளிதில் பாய்கின்றன. ஒளி பட்டால் பளபளப்பதும் அவற்றால்தான். சுத்தியலால் அடிக்கும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவினாலும் பொதுவான அந்த எலக்ட்ரான்கள் அவற்றைப் பிணைத்தே வைத்திருப்பதால் செம்பு தகடாகிறது, கந்தகமோ பொடியாகிறது.

கடினமும் உருகுநிலையும் வேறு கணக்கு. ஓர் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானை மட்டுமே பொதுவில் தரும் சோடியம் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது. அணுப்பிணைப்பு மிக வலுவான டங்ஸ்டன் 3422 டிகிரி வரை தாங்குகிறது. இரண்டும் உலோகங்களே. ஆகவே கடினத்தையும் திண்ம நிலையையும் அடையாளங்களாகக் கொள்ளாமல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் மூன்று எலக்ட்ரான்களால் பக்கத்து அணுக்களோடு பிணைந்துகொள்ள, நான்காவது எலக்ட்ரான் அடுக்கின் பரப்பில் நகர்கிறது. அதனால் அடுக்கின் வழியே மின்சாரம் நன்றாகவும், அடுக்குகளுக்குக் குறுக்கே மிகக் குறைவாகவும் செல்கிறது. அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வாக இருப்பதே பென்சில் தாளில் எழுதுவதற்கும், கிராஃபைட் உலர் உயவுப் பொருளாகப் பயன்படுவதற்கும் காரணம். வைரத்தில் நான்கு எலக்ட்ரான்களுமே பிணைப்பில் அகப்பட்டுக்கொள்வதால் மின்சாரம் செல்வதில்லை. ஆயினும் அணுக்களின் அதிர்வு வழியாக அது செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது.

பதில் 2

மேலுள்ள விளக்கத்தோடு ஒரு வேதியியல் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். மக்னீசியத்தை எரித்துக் கிடைக்கும் வெண்சாம்பலை நீரில் கலந்தால் அது சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும். கந்தகத்தை எரித்தால் எழும் வாயு ஈரமான நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும். (இந்த வாயு மூச்சுக்குக் கேடானது என்பதால் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.) பொதுவாக உலோக ஆக்சைடுகள் காரத்தன்மையும் அலோக ஆக்சைடுகள் அமிலத்தன்மையும் கொண்டவை. கிராஃபைட்டை எரித்தால் கிடைப்பது கார்பன் டை ஆக்சைடு, அது நீரில் கரைந்து அமிலமாகிறது. எனவே மின்சாரத்தைக் கடத்தினாலும் கார்பன் அலோகமே.

அலுமினியம், துத்தநாகம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரிகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லைக்கோடு அவ்வளவு கூர்மையானதன்று. வெள்ளீயம் இதற்கு இன்னும் வியப்பான சான்று: ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருந்தால், பளபளக்கும் அந்த உலோகம் மெல்ல மெல்லச் சாம்பல்நிறப் பொடியாக, உலோகத்தன்மை இழந்த வேறொரு வடிவமாக மாறக்கூடும்.

பதில் 3

பயன்பாடுகளிலிருந்து தொடங்கினால் குழந்தைக்கு எளிதில் விளங்கும். மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். ஆனால் அதன் அடர்த்தி 2.7, செம்பின் அடர்த்தியோ 8.96. ஒரே எடையில் ஒப்பிட்டால் அலுமினியமே இரு மடங்கு கடத்துவதால், கோபுரங்களுக்கு இடையே தொங்கும் உயரழுத்தக் கம்பிகளுக்கு அதையே தேர்கிறார்கள். இழை விளக்கில் டங்ஸ்டன் ஒளிர, அது விரைவில் ஆவியாகித் தேயாமல் ஆர்கான் காக்கிறது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசப்பட்டிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். அது குச்சியின் தலையில் இருப்பதாகப் பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பென்சிலின் இரு முனைகளையும் சீவி, மின்கலத்தோடும் சிறு எல்.இ.டி. விளக்கோடும் இணைத்துப் பார்த்தோம், விளக்கு எரிந்தது. எச் வகைப் பென்சிலை மாற்றி வைத்தபோது ஒளி மங்கியது ஏன் என்று கேட்கிறாள்.

பதில் 1

பென்சில் குச்சி முழுவதும் கிராஃபைட் அன்று. அதனுடன் களிமண் கலந்திருக்கும். எச் வகையில் களிமண்ணின் பங்கு அதிகம் என்பதால் மின்தடையும் கூடுகிறது. பி வகைப் பென்சில் ஒன்றையும் அதே நீளத்தில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.