புதுப்பிப்பு: பாசிப்பயறும் வெளிச்சமும்

மும்பை செம்பூரில் உள்ள எங்கள் ஃபிளாட்டிலேயே, மகளின் அறிவியல் கண்காட்சிக்குச் செடி வளர்ச்சியில் வெளிச்சத்தின் பங்கை எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தேன். சொன்னவர்களுக்கு நன்றி. பாசிப்பயறுதான் முடிவானது, சட்டென்று முளைக்கும். வெளிச்சத்தில் ஒரு பிரிவு, இருட்டில் ஒரு பிரிவு. ஒரே மண், ஒரே அளவு தண்ணீர்; பிரிவுக்குப் பத்துச் செடியாவது.

சிக்கல் அளப்பதில்தான். உயரத்தை மட்டும் பார்த்தால் இருட்டுச் செடியே ஜெயித்துவிடும்! வெளிச்சம் தேடி வெளிறி, நெட்டையாக ஓடும். ஆனால் ஒளிச்சேர்க்கை இல்லாமல் விதையின் சேமிப்பைத்தான் தின்கிறது, உலர் எடை (ஈரம் போன பின் மிஞ்சும் எடை) கூடாது. அதனால் கடைசியில் செடிகளைக் காயவைத்து, பிரிவு பிரிவாக மொத்தமாக எடை போடுகிறோம். வீட்டுத் தராசுக்கு அவ்வளவு சின்ன எடை பிடிபடாது. தெரிந்த நகைக்கடைக்காரர் தன் தராசில் போட்டுத் தரச் சரி என்றிருக்கிறார்.

அப்புறம், பால்கனி வெயில் ஒரு பக்கம்தான். கப்புகளைத் தினமும் திருப்புவது மகள் பொறுப்பு.