புதுப்பிப்பு: குற்றால சீசனில் ஒரு வாரம், குளியலும் சாப்பாடும்

ஜூலையில் வயதானவர்கள் இரண்டு பேர், குழந்தைகள் இரண்டு பேர் உட்பட மொத்தம் ஆறு பேர் குற்றாலம் போகிறோம், நெரிசலில் சிக்காமல் எங்கே குளிக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"தென்காசியில் தங்குங்கள், விடியும் முன் அருவிக்குப் போய்விடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஐந்தரைக்குப் பேரருவியில் நிம்மதியாக நிற்க முடிந்தது. எட்டு மணிக்கு மேல் வரிசைதான். குழந்தைகளுக்குப் புலியருவி. தண்ணீர் மெல்ல விழுகிறது, பயமில்லை.

எதிர்பாராதது: மூன்றாம் நாள் மலையில் மழை, வெள்ளம் வந்து பேரருவியில் குளிக்கத் தடை. ஊரில் வெயில் அடித்தாலும் இப்படி ஆகும். அதனால் கிளம்பும் முன் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் அனுமதி இல்லை.

பார்டர் புரோட்டாவுக்கு, செங்கோட்டை அருகே கேரள எல்லைப் பக்கம் இருக்கும் பிரானூர் போனோம். எந்தக் கடை என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். என் கருத்து: கூட்டம் ஓயாத கடைக்குப் போங்கள், புரோட்டா கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும். பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். சால்னாவில் மிளகு தூக்கல். குழந்தைகளுக்கு ஆம்லெட் சொல்லிவிடலாம்.

மங்குஸ்தான் பழம் வாங்கும்போது தோலை அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் பழையது. அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும்.