பாம்புக்கடி கூட்டத்தில் கடிபட்டவரையே பேச வைக்கலாமா?

பாலக்கோட்டுப் பொண்ணு:
எங்கள் ஊரில் மகளிர் குழு சார்பாகப் பாம்புக்கடி விழிப்புணர்வுக் கூட்டம் போடப்போகிறோம். போன தடவை துண்டறிக்கை கொடுத்தோம். பாதிப் பேர் அதிலேயே போண்டாவை மடித்து எடுத்துப்போனார்கள். இந்தத் தடவை கடிபட்டுப் பிழைத்த ஒருவரைப் பேசச் சொல்லலாமா என்று யோசனை. நாலு பேர் முன்னால் அவரைச் சங்கடப்படுத்தின மாதிரி ஆகிவிடுமோ?

அஞ்செட்டிக்காரன்:
பேசச் சொல்லுங்க தங்கச்சி. நானே கடிபட்டவன்தான், கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய்ப் பேசுகிறேன்.

வீட்டில் ராகி மூட்டை அடுக்கியிருந்தது. மூட்டை இருந்தால் எலி வரும், எலி வந்தால் அதுவும் வரும். பக்கத்திலேயே தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கட்டுவிரியன் கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது, வீக்கமும் இருக்காது. நடுராத்திரி வயிற்றைப் பிசைந்தது. தின்ற களி சேரவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். விடிவதற்குள் இமை இரண்டும் இறங்கிவிட்டது, தூக்க முடியவில்லை. "அசந்து தூங்குறான், எழுப்பாதீங்க" என்று மாமா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. வீட்டுக்காரிதான் என் கண்ணைப் பிரித்துப் பார்த்து, எச்சில் வழிவதையும் கண்டு, 108-க்குப் போன் போட்டாள். அப்புறம் விஷமுறிவு ஊசி, வென்டிலேட்டர்.

அந்த "தூங்குறான்" வரும்போதுதான் கூட்டத்தில் செல்போனைக் கீழே வைப்பார்கள். துண்டறிக்கையில் 'கண் இமை சரிதல்' என்று போட்டிருக்கும், அதை யார் படித்தார்கள்? இப்போது எங்கள் பக்கம் ராத்திரி வயிற்றுவலி என்றால் பாட்டிமார்கூட முதலில் கண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

அரூர் பழைய நர்ஸ்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் பிழைத்தவர் கதை என்றால் மந்திரித்துப் பிழைத்தவரும் எழுந்து வருவார். அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். கடித்தது சாரையாக இருந்திருக்கலாம், இல்லை நல்ல பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கலாம். கேட்கிற சனத்துக்கு இரண்டு கதையும் ஒன்றுதான். அதனால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, இந்த வித்தியாசத்தை அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டாதே, கீறாதே, கடிபட்ட காலை அசைக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அவ்வளவு போதும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. கணக்கு ஒழுங்காக வரும், நல்லதுதான். கணக்கைக் கேட்டு யாரும் பாயிலிருந்து கட்டிலுக்கு மாறப்போவதில்லை.

சங்கடம் பற்றிக் கேட்டீர்கள். எதைச் சொல்ல விருப்பமில்லை என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுவிடுங்கள். விரல் எடுத்த காலை மேடையில் காட்டச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பாலக்கோட்டுப் பொண்ணு:
நன்றி அக்கா. அண்ணே, அண்ணியும் வருவாங்களா? கண்ணைப் பிரித்துப் பார்த்தது அவங்கதானே, எங்கள் குழுப் பெண்கள் அவங்களைத்தான் கேள்வி கேட்பார்கள்.

அஞ்செட்டிக்காரன்:
வருவாள், என்னைவிட நன்றாகவே பேசுவாள். திரும்பி வர பஸ் கிடைக்க வேண்டும், கூட்டத்தைக் காலையிலேயே வையுங்க.