பிரிட்ஜ் போர்டு 11, டைமண்ட் 3: தப்பு கிழக்கு மேலயா, மேற்கு மேலயா?

மூன்றாம்_கை:
வாட்ஸப் குழுவில் 'பரிசல்' என்ற பெயரில் உலாவும் பெரியவர் நேற்று அருளியது: "மேற்கு டைமண்ட் 3 போட்டவுடனேயே கவுண்ட் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் இரண்டாவது சுற்றில் ஏஸ் எடுத்தவர் சீட்டைத் தொடவே கூடாது." (கவுண்ட்னா ஒரு சூட்டுல, அதாவது ஒரே வகைச் சீட்டுல, தன் கிட்ட இருக்கறது இரட்டையா ஒற்றையான்னு பார்ட்னருக்குச் சீட்டாலயே காட்டற சிக்னல்.) படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. அங்க பதில் போட்டா அட்மின் தூக்கிடுவார், அதனால இங்க.

தர்மபுரியில் ஞாயிறு நடந்த டீம் ஆட்டம், போர்டு 11. வடக்கு-தெற்கு ஒரு ஜோடி, கிழக்கு-மேற்கு எதிர் ஜோடி; ஒரே சீட்டுகளை ரெண்டு டேபிள்ல ஆடறது. டீலர் தெற்கு, யாரும் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடற நிலை) இல்லை.

வடக்கு: ஸ்பேட் 8 4, ஹார்ட் 7 6 3, டைமண்ட் கிங் குயின் ஜாக் 10 5, கிளாவர் 9 7 3
கிழக்கு: ஸ்பேட் கிங் 9 3, ஹார்ட் கிங் 10 2, டைமண்ட் ஏஸ் 8 4, கிளாவர் குயின் ஜாக் 8 6
தெற்கு: ஸ்பேட் ஏஸ் 10 6, ஹார்ட் ஏஸ் குயின் 5 4, டைமண்ட் 9 7 6, கிளாவர் ஏஸ் கிங் 5
மேற்கு: ஸ்பேட் குயின் ஜாக் 7 5 2, ஹார்ட் ஜாக் 9 8, டைமண்ட் 3 2, கிளாவர் 10 4 2

ஏலம்: தெற்கு 1 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்), 15-17 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). வடக்கு 2 நோ ட்ரம்ப், கேமுக்கு அழைப்பு. தெற்கு 3 நோ ட்ரம்ப், அதுதான் போனஸ் வர்ற கேம்; ஒன்பது ட்ரிக் (ஆளுக்கொரு சீட்டு விழற சுற்று) ஜெயிக்கணும். எல்லாரும் பாஸ். தெற்கு டிக்ளேரர், ரெண்டு கையையும் ஆடறவர்; வடக்கு டம்மி, சீட்டை மேசையில் விரிச்சுட்டார்.

மேற்கு ஸ்பேட் 5 லீட் (முதல் சீட்டு). கிழக்கு கிங், தெற்கு விட்டார். கிழக்கு 9 திருப்பினார், தெற்கு 10, மேற்கு ஜாக். மூணாவது சுற்று மேற்கு 2 போட, டம்மியில் கிளாவர் 3 கழிஞ்சது, தெற்கு ஏஸ். அப்புறம் தெற்கு கையிலிருந்து டைமண்ட் 7, மேற்கு 3, டம்மி கிங், கிழக்கு 4. டம்மியிலிருந்தே குயின். கிழக்கு ஏஸ் எடுத்து கிளாவர் குயின் திருப்பினார். முடிஞ்சது கதை: டைமண்ட் நாலு, ஸ்பேட் ஒண்ணு, கிளாவர் ரெண்டு, ஹார்ட் ஃபினெஸ் பண்ணி (கிங் கிழக்கு கிட்டன்னு நம்பி டம்மியிலிருந்து ஹார்ட் போட்டு குயினை ஜெயிக்க வைக்கறது) ரெண்டு. ஒன்பது.

தெற்கு கையில் டைமண்ட் தீர்ற வரைக்கும் கிழக்கு ஏஸை எடுக்காம விட்டா, டம்மிக்குப் போக வழியில்லாம மிச்ச டைமண்ட் வீணாகும்; எத்தனை தடவை விடணும்கறதுக்குத்தான் கவுண்ட். இப்ப சொல்லுங்க. அந்த 3 வந்தப்ப கிழக்கு கண்ணுக்குத் தெரியாத டைமண்ட் 9, 6, 2. மேற்கு கையில் 3-2 இருந்தாலும் 3தான் வரும், பெரிசு முதல்ல போட்டா இரட்டை. 9-6-3 இருந்தாலும் 3தான் வரும், சின்னது முதல்ல போட்டா ஒற்றை. ஒரே சீட்டு, ரெண்டு அர்த்தம். 2 எங்கேன்னு தெரியாம கவுண்ட் "தெரிந்துவிட்டது"ன்னா எப்படி?

பரிசல்:
தேடி வந்து அடிக்கிறீர்கள், மகிழ்ச்சி. இரண்டாவது சுற்றில் மேற்கு 2 போட்டார். 3, பிறகு 2. பெரியது, சிறியது. இரட்டை. இதைப் பார்க்காமல் ஏஸ் எடுத்தவருக்கு நீங்கள் வக்கீலா?

மூன்றாம்_கை:
ஐயா, குயின் டம்மியிலிருந்து வந்தது. வடக்குக்கு அடுத்து கிழக்கு, அப்புறம் தெற்கு, கடைசியில்தான் மேற்கு. அந்த 2 மேசைக்கு வரும்போது கிழக்கோட ஏஸ் ஏற்கெனவே மேசையில் கிடக்கு. டிக்ளேரர் கையிலிருந்து ரெண்டாவது டைமண்ட் போட்டிருந்தா மேற்கு முதல்ல போடுவார், 2 தெரிஞ்சிருக்கும். தெற்கு அதைத் தெரிஞ்சேதான் டம்மியிலிருந்து தொடர்ந்தார். நாலு பேர் எந்த வரிசையில் சீட்டுப் போடுவாங்கன்னு முதல்ல பாத்துட்டு வாங்க.

பரிசல்:
வரிசை எனக்குத் தெரியும். நான் கேட்டது கவுண்ட் பற்றி. 3 போட்டார், இரட்டை.

தொப்பூர்_கணவாய்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. 3ஐயே பாக்க வேண்டாம், எண்ணிப் பாத்தாலே போதும். டம்மி 6 பாயிண்ட், கிழக்கு 13. மிச்சம் 21. ஸ்பேட் குயின், ஜாக் மேற்கு கிட்டன்னு தெரிஞ்சாச்சு, அது 3. மீதி 18: ஸ்பேட் ஏஸ், ஹார்ட் ஏஸ் குயின் ஜாக், கிளாவர் ஏஸ் கிங். 2 நோ ட்ரம்ப் அழைப்பை தெற்கு ஏத்துக்கிட்டார்னா 16 அல்லது 17. அப்ப அவர் கிட்ட இல்லாதது ஹார்ட் குயின் அல்லது ஹார்ட் ஜாக், ஒண்ணே ஒண்ணு. ஸ்பேட் ஒண்ணு, கிளாவர் ரெண்டு, ஹார்ட் மிஞ்சினா மூணு. ஆறு. ரெண்டு தடவையும் விட்டா டைமண்ட் ரெண்டுதான், மொத்தம் எட்டு. தெற்கு கிட்ட டைமண்ட் ரெண்டோ மூணோ, எட்டுக்கு மேல போகாது. எடுத்தா, மூணு இருந்தா செத்தோம். விடறதுதான் ஆட்டம். சிக்னல் எதுக்கு?

மூன்றாம்_கை:
தொப்பூர் தம்பி கணக்கு அழகு, ஓட்டை பெரிசு. ஹார்ட் "மிஞ்சினா மூணு"ன்னு யார் சொன்னது? தெற்கு கை 3-5-2-3 (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் வரிசையில்)ன்னு வைங்க. ஹார்ட் ஏஸ் குயினோட அஞ்சு. டைமண்ட் 7 2. மேற்கு கிட்ட 9-6-3, அவர் போடறது அதே 3! ரெண்டாவது தடவையும் விட்டா குயின் ஜெயிச்சு லீட் டம்மியில் நிக்குது. ஹார்ட் ஃபினெஸ், ஏஸ், மூணாவது கிழக்கோட கிங்குக்கு. மிச்ச ரெண்டு ஹார்ட்டும் வளர்ந்தாச்சு. ஹார்ட் நாலு, டைமண்ட் ரெண்டு, கிளாவர் ரெண்டு, ஸ்பேட் ஒண்ணு. எண்ணுங்க. இங்க ரெண்டாவது சுற்றுல எடுத்தா டம்மி அத்தோட செத்துடும், ஃபினெஸ் பண்ண வழியில்ல, ஒன்பது வராது. அதனால 3தான் பிரச்சனை. 2 எங்கே?

தொப்பூர்_கணவாய்:
அஞ்சு ஹார்ட் வெச்சு 1 நோ ட்ரம்ப் யாருங்க திறப்பாங்க?

ஓசூர்_ரோஜா:
நாங்க எல்லாரும் திறப்போம். 17 பாயிண்ட், 3-5-2-3, 1 ஹார்ட் திறந்தா பார்ட்னர் 1 ஸ்பேட் சொன்னதும் அடுத்து என்ன சொல்லுவீங்க? 1 நோ ட்ரம்ப் சொன்னா 12-14, 2 நோ ட்ரம்ப் சொன்னா 18. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கணும். தர்மபுரியில இன்னும் அஞ்சு சீட்டு மேஜர் (ஸ்பேட் இல்லைன்னா ஹார்ட்)னா கண்ணை மூடிக்கிட்டு 1 ஹார்ட்தானா?

தொப்பூர்_கணவாய்:
வந்துட்டாங்க. பெங்களூர் பஸ் ஏறி வாரம் ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்து எங்களுக்குப் பாடம்.

ஓசூர்_ரோஜா:
பாடம் வேணும்னா இன்னொண்ணும் இருக்கு. ரிவர்ஸ் கவுண்ட் ஆடியிருந்தா இந்த இழையே இல்ல. சின்னது முதல்ல போட்டா இரட்டை. 3-2 இருந்தா 2 விழும். 9-6-3 இருந்தா 6 விழும், தைரியம் இருந்தா 9. கிழக்கு முதல் சுற்றுலயே தெரிஞ்சுக்குவார்.

மூன்றாம்_கை:
ரோஜாவுக்கு இந்தக் கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. ரிவர்ஸ்ல 9-6 இரட்டைன்னா 6 போடுவீங்க. 6-3-2 மூணுன்னாலும் 6தான் போடுவீங்க. அப்ப "9 எங்கே"ன்னு தேடணும். நடுவுல மாட்டற சீட்டு எந்த முறையிலும் ரெண்டு பக்கமும் பேசும். முறையை மாத்தினா தொல்லை வேற சீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

பரிசல்:
எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். வாய்ப்புக் கணக்கு போடத் தெரிந்தவர் ஒருவர் கூட இல்லையா? மூன்றாவது சுற்றில் ஸ்பேட் 2 விழுந்ததால் மேற்குக்கு ஐந்து ஸ்பேட், தெற்குக்கு மூன்று என்பது உறுதி. ஆகவே மற்ற சீட்டுகளுக்கு மேற்கில் 8 இடம், தெற்கில் 10 இடம். மேற்கிடம் 3-2 இருந்தால் மீதிச் சீட்டுகள் அமையும் வகை 1716. 9-6-3 இருந்தால் 1287. அதாவது 4க்கு 3. இரட்டைதான் வலுவான பக்கம். 3 போட்டார், இரட்டை. முடிந்தது.

மூன்றாம்_கை:
முடியலைங்க. தெற்கு போட்டது 7. அவர் கிட்ட 9-7-6 இருந்தா மூணுல எதை வேணா போடலாம், 7 வர வாய்ப்பு மூணுல ஒண்ணு. 7-2 இருந்தா ரெண்டுல ஒண்ணு. 4ஐ மூணால வகுங்க, 3ஐ ரெண்டால வகுங்க. 8க்கு 9. உங்க 4க்கு 3 தலைகீழாப் போச்சு. கணக்கு போட்டா முழுசாப் போடணும், பாதியில நிறுத்தினா தொப்பூர் இறக்கத்துல கியர் இல்லாம லாரி விட்ட மாதிரி.

பரிசல்:
தெற்கு சீட்டைக் குலுக்கிப் போட்டார் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு. 7-2 வைத்திருக்கும் டிக்ளேரர் ஏன் 7 போட வேண்டும்? 2 போட்டுவிட்டுப் போவார்.

மூன்றாம்_கை:
2 போட்டா மேற்கோட 3 சின்னதுன்னு கிழக்குக்குத் தெரிஞ்சுடுமே! எதிராளி சிக்னலைக் கலைக்கணும்னா 2ஐ ஒளிச்சு வெச்சு 7 போடறதுதான் நல்ல டிக்ளேரர் வேலை. அதே காரணத்துக்குத்தான் கேக்கறேன், 2 எங்கே?

மாங்கூழ்:
ஒரு சின்ன சந்தேகம். டம்மியில வெறும் 6 பாயிண்ட். அதுக்கு 2 நோ ட்ரம்ப்பா? வடக்கு பாஸ் பண்ணியிருந்தா இந்த சண்டையே வந்திருக்காதே.

ஓசூர்_ரோஜா:
கிங் குயின் ஜாக் 10ஓட அஞ்சு சீட்டு. வெறும் 6 இல்ல அது. ஆனா வேற சூட்டுல என்ட்ரி (டம்மிக்குப் போக உதவற ஜெயிக்கற சீட்டு) ஒண்ணு கூட இல்ல, அதான் இடிக்குது. ஏஸ் வெளியில இருந்தா அந்த சூட் அப்படியே டம்மியில பூட்டிக்கிடும். நான்னா பாஸ்.

தொப்பூர்_கணவாய்:
பாஸ் பண்ணினா 1 நோ ட்ரம்ப்புல ஏழோ எட்டோ. 90, 120. டீம் ஆட்டத்துல கேம் போனஸைக் கைவிட்டா ராத்திரி தூக்கம் வருமா? இந்த டேபிள்ல 400 வாங்கினாங்க. இன்னொரு டேபிள்ல அதே 3 நோ ட்ரம்ப்பை ஒண்ணு இறக்கினாங்க, 50. வித்தியாசம் 450, அது 10 இம்ப் (டீம் ஆட்டத்துல வித்தியாசத்தை மாத்திப் போடற புள்ளி).

மாங்கூழ்:
அந்த டேபிள்ல கிழக்கு விட்டாரா?

தொப்பூர்_கணவாய்:
ரெண்டு தடவையும் விட்டார். தெற்கு ஹார்ட் ஃபினெஸ் பண்ணி, ஏஸ் அடிச்சு, மூணாவது ஹார்ட்ல கிழக்கை உள்ள விட்டார். கிழக்கு டைமண்ட் ஏஸ் வாங்கிட்டு கிளாவர் குயின். எட்டுல நின்னுது. நான் சொன்ன எட்டு!

மூன்றாம்_கை:
தெற்கு கையில டைமண்ட் மூணு இருந்ததால விட்டவர் ஜெயிச்சார். விளைவைப் பாத்துட்டு முடிவைப் புகழறது ஜோசியக்காரன் வேலை.

பரிசல்:
ஒரு கேள்வி. அந்த இரண்டாவது டைமண்டில் கிழக்கு எவ்வளவு நேரம் யோசித்தார்? அருகில் இருந்தவர்கள் சொல்கிறார்கள், டீ ஆறிப்போகும் வரை. யோசித்தவுடனேயே ஏஸ் அவரிடம் இருப்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. விதி 16 படித்ததுண்டா?

மூன்றாம்_கை:
விதி 16 பார்ட்னர் யோசிக்கறதைப் பாத்து இன்னொருத்தர் ஆடக்கூடாதுன்னு சொல்லுது. மேற்கு அடுத்துப் போட்ட சீட்டு 2. அவர் கிட்ட இருந்த ஒரே டைமண்ட் அது. என்ன தப்பை வாங்கிட்டார் யோசனையிலிருந்து? எதிராளி கிழக்கு யோசிச்சதைப் பாத்து முடிவெடுத்தா அது அவர் சொந்தப் பொறுப்பு.

தொப்பூர்_கணவாய்:
யோசிக்க வேண்டியது அங்க இல்ல. டம்மி விரிச்ச உடனே, முதல் ட்ரிக்குக்கு கிங் போடறதுக்கு முன்னாடி. அஞ்சு சீட்டு டைமண்ட், என்ட்ரி இல்ல, ஏஸ் நம்ம கிட்ட. எத்தனை தடவை விடணும்னு அங்கயே முடிவு பண்ணிட்டா 4, 8ன்னு அலட்டிக்காமப் போடலாம். முதல் சுற்றுல தயங்கினாலே டிக்ளேரர் டைமண்டை விட்டுட்டு ஹார்ட்டுக்குப் போயிடுவார்.

மூன்றாம்_கை:
மறுபடியும் தம்பி 3ஐ விட்டுட்டுப் போறார்.

தொப்பூர்_கணவாய்:
3ஐ விட்டுட்டுத்தான் போகணும்னு நாலாவது தடவையா சொல்றேன்!

மாங்கூழ்:
மூன்றாம்_கை அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு கிழக்குல உக்காந்தது நீங்கதானா?

மூன்றாம்_கை:
கிழக்குல யார் உக்காந்தாங்கங்கறது விவாதத்துக்கு சம்பந்தமில்லாதது.

பரிசல்:
ஹா. ஹா. ஹா.

ஓசூர்_ரோஜா:
2018ல ஜகார்த்தா ஆசியப் போட்டியில ஆண்கள் ஜோடிப் பிரிவுல பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினாங்க. பர்தனுக்கு அப்ப வயசு 60. இங்க நாம ஒரு 3க்கு எத்தனை பதிவு போட்டிருக்கோம் பாருங்க.

மாங்கூழ்:
எங்க தெருவுல சீட்டுக்கட்டை எடுத்தாலே சூதாட்டம்னு பாக்கறாங்க, நீங்க தங்கம் பத்திப் பேசறீங்க.

பரிசல்:
1968இலேயே உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொல்லும்போது பிரிட்ஜோடுதான் ஒப்பிட்டது. தெருவாரிடம் காட்டுங்கள். திறமை ஆட்டம் என்பதற்கு இந்த போர்டின் கிழக்கை மட்டும் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம்.

மூன்றாம்_கை:
போன மாசம் ஸ்டேமன் (1 நோ ட்ரம்ப்புக்கு மேல 2 கிளாவர் சொல்லி நாலு சீட்டு மேஜர் இருக்கான்னு கேக்கறது) பத்தின இழையில இதே ஆள் நாலு ஹார்ட், அஞ்சு ஸ்பேட் வெச்சுக்கிட்டு ட்ரான்ஸ்ஃபர் (பார்ட்னரையே ஸ்பேட் சொல்ல வைக்கற ஏலம்)தான் சொல்லணும்னு அடம் பிடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 4-4 ஹார்ட் ஃபிட் (ரெண்டு கையிலயும் நாலு நாலு ஹார்ட்) போச்சேன்னு கேட்டதுக்கு இன்னிக்கு வரை பதில் இல்ல. அவர் இங்க வந்து திறமை பத்திப் பேசறார்.

பரிசல்:
அந்தக் கையில் ட்ரான்ஸ்ஃபர் போட்டுவிட்டு 3 ஹார்ட் சொன்னால் ஃபிட் தானே வரும்? அங்கேயும் பாதிக் கணக்கு.

மூன்றாம்_கை:
3 ஹார்ட் கேம் ஃபோர்சிங், கேம் வரைக்கும் ஏலத்தை நிறுத்தக் கூடாது. அந்தக் கையில இருந்தது 8 பாயிண்ட், அழைப்புக்குத்தான் ஆகும். சரி, அதுக்குத் தனி இழை திறங்க, வர்றேன். இங்க ஒண்ணுக்கு மட்டும் பதில் வேணும்: தெற்கு ஜோடி அஞ்சு சீட்டு மேஜர்ல 1 நோ ட்ரம்ப் திறப்பாங்களா, மாட்டாங்களா? அவங்க சிஸ்டம் கார்டு (ஜோடியோட ஏல முறை எழுதின அட்டை) யார் கிட்டயாவது இருந்தா போட்டோ போடுங்க.

தொப்பூர்_கணவாய்:
அந்தக் கார்டு ஆட்டம் முழுக்க மேசை மேலதான் கிடந்தது. கிழக்கு எடுத்துப் பாத்தாரா?