ஐஎஸ்டி தடுத்த எக்ஸ்டென்ஷன் வழியாக நள்ளிரவில் வெளிநாட்டு அழைப்பு: ஓட்டை எங்கே?

கேள்வி: பிபிஎக்ஸ்_கோவை

ஆஃபீஸ் ஃபோன் சிஸ்டம் சிஸ்கோ கால் மேனேஜர் 12.5. வெளி லைன்களோடு இணைக்க பிஆர்ஐ (30 சேனல் டிஜிட்டல் லைன்) கேட்வே ஒன்று. வெளி லைனுக்கு 0 போட வேண்டும். ஆகவே எஸ்டிடி 00 என்றும், ஐஎஸ்டி 000 என்றும் தொடங்கும். ஃபோனுக்கான டிவைஸ் சிஎஸ்எஸ்ஸில் (காலிங் சர்ச் ஸ்பேஸ், எந்த எண்களை அழைக்கலாம் என்ற பட்டியல்) எல்லாம் திறந்திருக்கிறது. எக்ஸ்டென்ஷனுக்கான லைன் சிஎஸ்எஸ்ஸில் 000! (000-க்குப் பின் எத்தனை எண் வந்தாலும் பொருந்தும்) என்ற தடுப்பு பேட்டர்ன் இருக்கிறது. வரவேற்பறை ஃபோன் 2107-இலிருந்து ஐஎஸ்டி அடித்தால் சரியாக மறுக்கிறது.

ஆனால் பில்லில் நள்ளிரவுக்கு மேல் ஐஎஸ்டி அழைப்புகள் வந்திருக்கின்றன. சிடிஆரில் (அழைப்புப் பதிவு) பார்த்தால், அழைத்தது ஒரு வெளி மொபைல். முதலில் அழைக்கப்பட்டது 2107. கடைசியில் போய்ச் சேர்ந்தது 000-வில் தொடங்கும் எண். அந்த நேரத்தில் ஆஃபீஸில் ஆளே கிடையாது. லைனில் தடுத்த பிறகும் எப்படிப் போகிறது?

பதில் 1: டயல்பிளான்_மணி

கால் ஃபார்வர்ட்தான். உறுதி செய்ய, அதே சிடிஆர் வரிசையில் ரீடைரக்ட் ரீசன் (அழைப்பு ஏன் திருப்பப்பட்டது என்ற குறியீடு) என்ன என்று பாருங்கள். 15 என்றால் ஃபார்வர்ட் ஆல் (வரும் எல்லா அழைப்பையும் வேறு எண்ணுக்குத் திருப்புவது). 1 பிஸி, 2 யாரும் எடுக்காதது.

நீங்கள் போட்ட தடுப்பு, 2107-இல் ஒருவர் கையால் எண் அடிக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஃபார்வர்ட் ஆகும் அழைப்பு லைன் சிஎஸ்எஸ்ஸைப் பார்ப்பதில்லை. டிஎன் (எக்ஸ்டென்ஷன் எண்) அமைப்புப் பக்கத்தில் ஃபார்வர்ட் ஆலுக்கென்று தனியாக இருக்கும் சிஎஸ்எஸ்ஸைத்தான் பார்க்கும். பெரும்பாலும் அந்த இடத்தில் டிவைஸ் சிஎஸ்எஸ்ஸையே போட்டு விட்டுவிடுவார்கள். தடுப்பு இருப்பது லைன் பக்கம் மட்டும் என்பதால் ஃபார்வர்டுக்குத் தடையே இல்லாமல் போகிறது. பகலில் யாராவது அந்த ஃபோனில் ஃபார்வர்ட் ஆல் சாஃப்ட்கீயை அழுத்தி ஒரு வெளிநாட்டு எண்ணைக் கொடுத்தால் போதும். ராத்திரி முழுக்க வெளியிலிருந்து உங்கள் டிஐடி எண்ணுக்கு (வெளியிலிருந்து நேராக எக்ஸ்டென்ஷனை அழைக்கும் எண்) லோக்கல் கால் போட்டு, உங்கள் செலவில் பேசலாம். ஒவ்வொரு அழைப்புக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சேனல் பிடிக்கும். 30 சேனல் பிஆர்ஐ-யில் ஒரே நேரத்தில் 15 அழைப்பு ஓடும்.

செய்ய வேண்டியது: ஃபார்வர்ட் ஆல் சிஎஸ்எஸ்ஸில் தடுப்பு உள்ள லைன் சிஎஸ்எஸ்ஸையும், அதன் கீழே உள்ள செகண்டரி சிஎஸ்எஸ்ஸில் டிவைஸ் சிஎஸ்எஸ்ஸையும் போடுங்கள். இந்த இரட்டை ஏற்பாட்டுக்காகத்தான் செகண்டரி என்ற கட்டமே இருக்கிறது. வரவேற்பறை, லாபி, கான்ஃபரன்ஸ் அறை ஃபோன்களுக்கு இதுகூட அதிகம். உள் எக்ஸ்டென்ஷன் பார்ட்டிஷன் (எண்களின் தொகுதி) மட்டும் உள்ள சிஎஸ்எஸ் ஒன்றே போதும். பிஸி, நோ ஆன்சர், அன்ரெஜிஸ்டர்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிஎஸ்எஸ் உண்டு, அவற்றையும் விடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் ஃபார்வர்ட் எண்களை பல்க் அட்மினிஸ்ட்ரேஷனில் எக்ஸ்போர்ட் எடுத்துப் பார்த்து அழியுங்கள்.

பதில் 2: ட்ரங்க்_லைன்

மணி சார் சொன்னது சரி. ஆனால் உங்கள் தடுப்பு பேட்டர்னிலேயே இரண்டு சந்தேகம் இருக்கிறது.

முதலாவது #. ஆச்சரியக்குறி எண்களுக்கு மட்டும்தான் பொருந்தும், #-க்குப் பொருந்தாது. அடுத்த எண் வருமா என்று பார்க்கும் இன்டர்டிஜிட் டைமரின் 15 விநாடிக் காத்திருப்பைத் தவிர்க்க, அனுமதிப் பக்கம் 000!# என்று இன்னொரு பேட்டர்ன் போட்டிருப்பீர்கள். தடுப்புப் பக்கம் 000! மட்டும் இருந்தால், கடைசியில் # அழுத்துகிறவருக்கு வழி திறந்திருக்கிறது. தடுப்பிலும் இரண்டையும் போடுங்கள்.

இரண்டாவது, பொருத்தத்தின் நீளம். லைன் பார்ட்டிஷன் முன்னால் வருவது, இரண்டு பேட்டர்னும் சமமாகப் பொருந்தும்போது மட்டும்தான் உதவும். நாளைக்கு துபாய் கிளைக்கென்று ஒருவர் 000971! என்று ரூட் பேட்டர்ன் (அழைப்பை வெளியே அனுப்பும் விதி) சேர்த்தால், வரிசை எப்படி இருந்தாலும் 000! தோற்றுவிடும். புதிதாக ரூட் பேட்டர்ன் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு இணையான தடுப்பையும் சேர்க்க வேண்டும்.

என் யோசனை: ஐஎஸ்டி பேட்டர்ன்களில் ஃபோர்ஸ்ட் ஆதரைசேஷன் கோட் (அழைப்பவர் அனுமதி எண்ணை அடித்தால்தான் அழைப்பு போகும்) போட்டுவிடுங்கள். பேட்டர்னின் லெவல் 50 என்றால், 50-ம் அதற்கு மேலும் உள்ள கோட்தான் செல்லும். ஃபார்வர்ட் ஆகும் அழைப்பில் கோட் அடிக்க ஆள் இல்லாததால் அது தானாகவே விழுந்துவிடும். ஒரே அடியில் இந்த ஓட்டை அடைபடும்.

பதில் 3: கேட்வே_தென்றல்

ஃபார்வர்டை அடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். உள்ளே வரும் வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிஎஸ்எஸ் இருக்கிறது. கேட்வேயின் இன்பவுண்ட் சிஎஸ்எஸ்ஸில் உள் எக்ஸ்டென்ஷன்கள் மட்டுமே இருக்க வேண்டும். வாய்ஸ்மெயில் போர்ட்டுகளுக்கும் அதேதான். சிஸ்கோவின் வாய்ஸ்மெயிலான யூனிட்டி கனெக்‌ஷன் வைத்திருந்தால் ரெஸ்ட்ரிக்‌ஷன் டேபிளில் (வாய்ஸ்மெயில் எந்த எண்களை அழைக்கலாம், கூடாது என்ற பட்டியல்) 000* வரிசையை மேலே வைத்துத் தடுங்கள். அது மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதையே எடுக்கும்.

கேட்வே எச்323 அல்லது சிப் நெறிமுறையில் ஓடினால் பாட்ஸ் டயல்-பியரில் (வெளி லைன் அழைப்புகளைக் கையாளும் கேட்வே விதி) டைரக்ட்-இன்வர்ட்-டயல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து அழைப்பவருக்கு இரண்டாவது டயல்டோன் கிடைக்கும், அங்கிருந்தே அவர் எண் அடிக்கலாம்.

பிபிஎக்ஸ்_கோவை

ரீசன் 15-தான். ஃபார்வர்ட் ஆல் சிஎஸ்எஸ்ஸில் டிவைஸ் சிஎஸ்எஸ் இருந்தது, மாற்றிவிட்டேன். ஆஃப்நெட் டு ஆஃப்நெட் ட்ரான்ஸ்ஃபரைத் (வெளி அழைப்பை இன்னொரு வெளி எண்ணுக்கு மாற்றுவதை) தடுக்கும் சர்வீஸ் பாராமீட்டரையும் ட்ரூ ஆக்கலாமா? வரவேற்பறையில் வாடிக்கையாளர் அழைப்பை மேனேஜர் மொபைலுக்கு மாற்றிவிடுவது தினசரி வேலை.

பதில் 4: டயல்பிளான்_மணி

அப்படியே ட்ரூ போட்டால் அந்த வேலை நின்றுவிடும். அது ஃபார்வர்டைத் தடுக்கும் அமைப்பும் அல்ல, ட்ரான்ஸ்ஃபருக்கு மட்டும்தான். மேனேஜர் மொபைலுக்கென்று முழு எண்ணோடு தனி ரூட் பேட்டர்ன் போட்டு, அதன் கால் கிளாசிஃபிகேஷனை ஆன்நெட் (உள் அழைப்பு) ஆக்குங்கள். பிறகு ட்ரூ போடுங்கள். அந்த பேட்டர்னில் அலோ டிவைஸ் ஓவர்ரைடு டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கேட்வேயின் ஆஃப்நெட்தான் செல்லும். கான்ஃபரன்ஸுக்கான பாராமீட்டரை, ஆன்நெட் ஆள் யாரும் இல்லாதபோது துண்டிக்கும்படி வையுங்கள். இல்லையென்றால் இரண்டு வெளி எண்களைச் சேர்த்துவிட்டு நடுவில் இருப்பவர் விலகினாலும் பில் ஓடிக்கொண்டே இருக்கும்.