சுருட்டை வைத்துப் படத்தைச் சொல்: நேற்றைய புதிருக்குப் புள்ளி யாருக்கு?

பழையரீல்:
புதுசா வந்தவங்களுக்கு விதியைச் சொல்லிடறேன். 1970க்கு முந்தைய படம். சுருட்டு சம்பந்தமா ஒரே ஒரு குறிப்பு. முதல்ல சரியாச் சொல்றவருக்கு ஒரு புள்ளி, அடுத்த புதிரும் அவர் கையில.

நேத்து நான் போட்ட குறிப்பு: "உடம்பு முடியாத பெரியவர். சுருட்டைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. பெரியவரா கேட்பார்? கண்காணிப்பை ஏமாத்த ஒரு வழி வச்சிருக்கார்."

விடை: சிட்டிசன் கேன், 1941. புள்ளி மேட்னி அக்காவுக்கு. ரிங்கேஜ் சொன்னது வேற படம்.

ரிங்கேஜ்52:
வேற படம்னு ஒரே வரியில தள்ளிட்டா எப்படி? நான் சொன்னது விட்னஸ் ஃபார் த ப்ராசிக்யூஷன், 1957. சார்ல்ஸ் லாட்டன் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்துட்டுத் திரும்பற வக்கீல். சுருட்டு, பிராந்தி ரெண்டுக்கும் தடை. கூடவே ஒரு நர்ஸ். கைத்தடிக்குள்ள சுருட்டை ஒளிச்சு வச்சிருப்பார், அந்தம்மா கண்டுபிடிச்சுப் பறிமுதல் பண்ணிடும். "என் தடியைச் சோதிக்க வாரண்ட் இருக்கா"ன்னு மனுஷன் சட்டம் பேசுவார். உங்க குறிப்புல எந்த வார்த்தை இதுக்குப் பொருந்தலை? அக்காவுக்கு முன்னாடியே பதில் போட்டதும் நான்தான்.

மேட்னி_அக்கா:
தம்பி, பொருந்துதுன்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா குறிப்பு போட்டவர் மனசுல இருந்த படம் எதுவோ அதுதான் விடை. கேன்ல ஜோசப் காட்டன் கிழவனா சக்கர நாற்காலியில உட்கார்ந்திருப்பார். பேட்டி எடுக்க வந்த நிருபர்கிட்ட செத்துப்போன நண்பன் கேனைப் பத்தி அவ்வளவு பெரிய கதையைச் சொல்லிக்கிட்டே, நடுவுல நடுவுல "உங்ககிட்ட சுருட்டு இருக்கா?"ன்னு கேட்பார். கிளம்பும்போது, ரெண்டு நல்ல சுருட்டு வாங்கி அனுப்புங்க, டூத் பேஸ்ட் மாதிரி சுத்தி அனுப்புங்க, இல்லேன்னா வாசல்லயே பிடிச்சு வச்சுடுவாங்கன்னு சொல்லி அனுப்புவார். "கண்காணிப்பை ஏமாத்த ஒரு வழி"ங்கறது அதுதான்.

ரிங்கேஜ்52:
அக்கா, நீங்களே என் வாதத்தை எடுத்துக் கொடுத்துட்டீங்க. அந்தக் காட்சியில சுருட்டு எங்கே இருக்கு? நிருபர்கிட்ட இல்லை. கிழவர்கிட்டயும் இல்லை. பேச்சுல மட்டும்தான் வருது. திரையிலயே வராத சுருட்டை வச்சு சுருட்டுப் புதிர் போடறது என்ன நியாயம்? இங்க இருக்கறவங்க சுருட்டு பிடிக்கறவங்க. எங்க கண்ணுக்கு வேலை கொடுங்க. நீளம் எவ்வளவு, பருமன் எவ்வளவு, எத்தனை நிமிஷம் எரிஞ்சிருக்கும், ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல சாம்பல் வளர்ந்திருக்கா குறைஞ்சிருக்கா... இதைப் பார்த்துச் சொல்றதுதான் விளையாட்டு. சர்ச்சில் அளவு சுருட்டுன்னா 7 அங்குலம், 47 ரிங் கேஜ், அதாவது ஒரு அங்குலத்துல 64ல 47 பங்கு பருமன். நிதானமா பிடிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல போகும். மூணு நிமிஷக் காட்சியில அது பாதியா குறைஞ்சிருந்தா, எத்தனை டேக் எடுத்து ஒட்டியிருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது.

பழையரீல்:
கண்ணுக்கு வேலைன்னு சொல்றீங்க. பாதிக்கு மேல கறுப்பு வெள்ளைப் படம். மேல சுத்தியிருக்கற இலை, அதான் ராப்பர், வெளிர் பழுப்பா, மதூரோங்கற கறுத்த இலையான்னு எந்தக் கண்ணு சொல்லும்? பேர் போட்ட காகித வளையத்தைப் பெரும்பாலும் கழட்டியிருப்பாங்க, இருந்தாலும் விரல் மறைக்கும். மிச்சம் உருவம் மட்டும்தான். போன மாசம் ஸ்டில் போட்டு விளையாடினப்போ என்ன ஆச்சு? யார் முகம்னு பார்த்துப் படத்தைச் சொன்னீங்களே தவிர, சுருட்டை யாருமே பார்க்கலை.

உறையூர்க்காரன்:
ஸ்டில் பேச்சை விடுங்கய்யா. டிவியில பழைய படம் போட்டா கீழ எச்சரிக்கை வரி ஓடுது, அதை மீறி நுனி எரியுதா இல்லையான்னு பார்க்கறதுக்குள்ள காட்சி மாறிடுது.

நான் பழையரீல் சார் பக்கம். காரணம் எங்க ஊரு. 1887ல வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் கதையில கொலை நடந்த அறையில சுருட்டே கிடையாது. தரையில கொஞ்சம் சாம்பல். கறுப்பா, செதில் செதிலா இருக்கு, இப்படிச் சாம்பல் விடறது திருச்சி சுருட்டு மட்டும்தான்னு அந்த ஆள் சொல்லிடுவார். சுருட்டைக் காட்டாமலே சுருட்டைச் சொன்னவர் அவர். ரிங்கேஜ் அண்ணன் இருந்திருந்தா "சுருட்டு எங்கே, சாட்சி செல்லாது"ன்னு கொலைகாரனை வீட்டுக்கு அனுப்பி வச்சிருப்பார்.

ரிங்கேஜ்52:
சாம்பல் கண்ணுக்குத் தெரியற பொருள் தம்பி. கிழவரோட ஆசை கண்ணுக்குத் தெரியுமா?

யாழ்_மாட்டினி:
நான் ஒண்டு சொல்லுறன். தி குட், தி பேட் அண்ட் தி அக்லி, 1966. டூகோ எண்ட கொள்ளைக்காரன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தேடிக் குதிரையில போறதை நினைச்சுப் பாருங்கோ. வழியெல்லாம் அணைஞ்ச நெருப்புகள். ஒவ்வொண்டிலும் இறங்கி, பக்கத்தில கிடக்கிற சுருட்டுக் கட்டையை எடுத்து வாயில வைச்சு இழுத்துப் பாப்பான். புகை வராது, எறிஞ்சுபோட்டு அடுத்த இடம். கடைசிக் கட்டையில புகை வரும். ஆள் கிட்டத்தான் நிக்கிறான் எண்டு அவனுக்கும் விளங்கும், எங்களுக்கும் விளங்கும். அந்த இடத்தில ஈஸ்ட்வுட் சட்டகத்துக்குள்ள இல்லை, ஒரு வசனமும் இல்லை. படத்தில வாற சுருட்டுக் காட்சிகளில எனக்கு இதுதான் முதலிடம். பிறகு சாகக் கிடக்கிற சின்னச் சிப்பாயின்ர வாயில ஈஸ்ட்வுட் தன்ர சுருட்டைக் குடுக்கிறானே, அது ரெண்டாவது.

ஆனா புள்ளி விஷயத்தில நான் ரிங்கேஜ் பக்கம். ரெண்டு விடை பொருந்தினா முதல் சொன்னவருக்குக் குடுக்கிறதுதானே முறை.

ரிங்கேஜ்52:
நன்றி. அந்தப் படத்து சுருட்டும் கண்ணால அடையாளம் சொல்லக்கூடியதுதான். குட்டை, கறுப்பு, கோணல் மாணல். இதுல வேடிக்கை, அதைக் கடிச்சுக்கிட்டே மூணு படத்தை ஓட்டின ஈஸ்ட்வுட்டுக்குப் புகைப்பழக்கமே கிடையாது. அந்த மூஞ்சிச் சுளிப்புல பாதி நிஜம்.

மேட்னி_அக்கா:
கண்ணால பார்க்கறதுன்னே வச்சுக்குவோம். டபுள் இன்டெம்னிட்டி, 1944. எட்வர்ட் ஜி. ராபின்சன் வாயில சுருட்டு இருந்துக்கிட்டே இருக்கும். அதோட பருமனை அளந்து என்ன கிடைக்கும்? அவர்கிட்ட ஒரு நாளும் தீக்குச்சி இருக்காது, அதுதான் விஷயம். பாக்கெட்டைத் தடவுவார். ஃப்ரெட் மெக்மரே கட்டைவிரல் நகத்துல ஒரு குச்சியைக் கிழிச்சு நீட்டுவான். படம் முழுக்க இப்படியே போகும். கடைசியில கொலைகாரனான அந்த மெக்மரே குண்டடி பட்டு வாசல்ல சாய்ஞ்சு கிடக்கான், சிகரெட்டைப் பத்த வைக்கக் கையில தெம்பில்லை. அப்போ ராபின்சன் குனிஞ்சு குச்சியைக் கிழிப்பார். அவங்களுக்குள்ள இருந்த சிநேகம் மொத்தமும் அந்த ஒரு குச்சியில வந்துடும். சுருட்டை மட்டும் உத்துப் பார்த்தவன் இதைக் கோட்டை விட்டிருப்பான்.

உன்னோட லாட்டன் படத்தையே எடுத்துக்கோ. இதைப் போல அதுவும் பில்லி வைல்டர் இயக்கினதுதான். கைத்தடிச் சுருட்டு சிரிப்புக்கு. கதையை நகர்த்தறது அடுத்த சுருட்டு. கேஸே வேண்டாம்னு மாடிக்குப் போற வக்கீல், கேஸைக் கொண்டு வந்த சொலிசிட்டர், அதாவது இன்னொரு வக்கீல், அவரோட சட்டைப் பையில ரெண்டு சுருட்டு எட்டிப் பார்க்கறதைப் பார்த்துட்டுத் திரும்பி வருவார். சுருட்டு கிடைச்சுது, நெருப்பில்லை. குற்றம் சாட்டப்பட்டவனை உள்ள கூப்பிட்டு முதல்ல கேக்கறதே தீப்பெட்டி. சுருட்டு கையில இல்லாத அந்த ரெண்டு நிமிஷத்தாலதான் அவர் அந்த வழக்குக்குள்ள விழறார்.

ரிங்கேஜ்52:
அழகாச் சொல்றீங்க, மறுக்கலை. ஆனா நீங்க சொல்றது சினிமா ரசனை. அதுக்கு நாட்டுல ஆயிரம் குழு இருக்கு. சுருட்டே பிடிக்காத ஆளும் இதுக்கு விடை சொல்லலாம்னா, நாங்க எதுக்கு?

மேட்னி_அக்கா:
நான் சுருட்டு பிடிக்கறதில்லையே. வெளியே அனுப்பறீங்களா? எங்க அப்பா பிடிச்சார், அந்த வாசனையோட வளர்ந்தேன், அவ்வளவுதான். டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகு அவர் காலிப் பெட்டியை எடுத்து மோந்து பார்த்துட்டு வைப்பார். கேன்ல அந்தக் கிழவர் மூணாந்தடவை கேக்கும்போது சிரிப்பு வரலை எனக்கு.

உறையூர்க்காரன்:
அக்கா இப்படிப் பேசினா எவன் எதிர்வாதம் பண்றது? சார், தீர்ப்பைச் சொல்லி முடிங்க.

பழையரீல்:
குறிப்பு ரெண்டு படத்துக்கும் பொருந்துது, ரிங்கேஜ் முதல்ல சொன்னார். அதனால ஆளுக்கு அரைப் புள்ளி. விதி இனிமே இப்படி: சுருட்டு திரையில வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனா அதை எடுத்துட்டா காட்சி நிக்கக்கூடாது. ரெண்டு விடை வந்தா முதல் பதிலுக்கே முழுப் புள்ளி. அடுத்த புதிர் ரிங்கேஜ் போடட்டும்.

ரிங்கேஜ்52:
அரைப் புள்ளியை நீங்களே வச்சுக்குங்க. புதிரை மட்டும் எடுத்துக்கறேன். இந்தத் தடவை கண்ணுக்கு முன்னாடி கொழுத்த சுருட்டு, பேச்சுக்கே இடமில்லை: "குளியல் தொட்டிக்குள்ள ஒரு ஆள். பக்கத்துல மின்விசிறி. வாயில சுருட்டு." சுருட்டோட அளவையும் சேர்த்துச் சொல்லணும்.

மேட்னி_அக்கா:
கீ லார்கோ, 1948. மறுபடியும் நம்ம ராபின்சன்தான், ஜானி ராக்கோவா. அளவு தெரியாது, பார்க்கவும் மாட்டேன். புள்ளியை எழுதிக்குங்க சார்.

ரிங்கேஜ்52:
அளவு சொல்லலையே! விடை பாதிதான்.

யாழ்_மாட்டினி:
அப்ப அரைப் புள்ளியோ?